பூமிசாத்திர மாஸ்ரரும் பருத்தித்துறைத் தண்ணீரும்

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் எங்களுக்குப் பூமிசாத்திரம் படிப்பித்த மாஸ்ரர் காலமாகிவிட்டார். பழைய மாணவர் சங்க மலருக்கு அவரைப்பற்றி எழுதச் சொன்னார்கள். அவர் படிப்பித்ததை எழுதுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

1838இல் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தொடக்கிய பள்ளிக்கூடம், 1916இல் ஹாட்லிக் கல்லூரி என்று பெயர் பெற்றது. முனையில் வெளிச்சவீடு எழும்பியதும் அதே ஆண்டுதான். இரண்டும் நிற்பது சுண்ணாம்புக் கல்லின்மேல். மாஸ்ரரின் பாடமும் அந்தக் கல்லில்தான் தொடங்கும். "பருத்தித்துறையில் ஓடுகிற ஆறு எது?" என்று கேட்பார். வகுப்பு வாய் திறக்காது.

ஆறு இல்லை. மாரிமழை கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, நிலத்தடியில் உள்ள கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீருக்குப் பாரம் குறைவு. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும். மேலே அந்த ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் உவர்நீர் கீழிருந்து 40 அடி ஏறிவிடும். துலாவால், கையால் இறைத்து அள்ளிய காலத்தில் கிணறு ஊற அவகாசம் இருந்தது. மோட்டர் போட்டு ஒரே மூச்சில் இழுத்தால் கிணற்றின் நேர் கீழே உவர்நீர் கூம்பாக எழும்பும். நல்ல தண்ணீருக்கென்று குழாய்க்கிணற்றை ஆழமாக அடித்தால் உவர்தான் அகப்படும். ஒருமுறை உவரான கிணறு அடுத்த மாரியோடு திருந்துமென்று நம்பவும் முடியாது.

இதைப் படித்த நாங்கள் ரொறன்ரோ, லண்டன், சிட்னி என்று போய்விட்டோம். இப்போது விடுமுறைக்குப் போய்த் தங்கவென்று ஊர்வீட்டைத் திருத்துகிறோம். மேல்தாங்கியும் ஷவரும் பூட்டுகிறோம். செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மோட்டரைச் சிறிது நேரம் விட்டு நிறுத்தி, கிணறு ஊறியபின் மறுபடி போடுங்கள். கூரைத் தண்ணீரைப் பீலி (கூரையோரத் தண்ணீர்க் கால்) வைத்துத் தாங்கியில் பிடியுங்கள். முதல் மழையை மட்டும் வெளியே விடுங்கள், அதில் தூசும் காக்கை எச்சமும் வரும். மலசலகூடக் குழிதான் பெரிய ஆபத்து. வெடித்த கல் அழுக்கை வடிக்காது, நேரே கிணற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். குழியின் அடியையும் பக்கங்களையும் கொங்கிறீற்றால் அடைக்காமல் விடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டவும் மாஸ்ரரின் வழியே நல்லது. யாழ்ப்பாணத்திலிருந்து 750 பஸ்ஸில் வந்து, வெளிச்சவீட்டைப் பார்த்து, ஓடக்கரை வடையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். (வடை வாங்கத்தான் வேண்டும், அந்தத் தட்டை வடை கனடா வந்தும் மொறுமொறுப்புக் குறையாது.) தெருமூடிமடத்தில் வீதிக்கு மேலேயே கூரை போட்டிருக்கிறார்கள்; இரு பக்கத் திண்ணைகளிலும் கொஞ்சம் இருந்துவிட்டு வல்லிபுரம் போங்கள். ஆழ்வார் கோயிலடி மணல் எவ்வளவு பழைய குடியிருப்பு என்பதை 1936இல் வெளிப்பட்ட, எழுத்துப் பொறித்த பொன்னேடு காட்டியது: அனுராதபுரத்து வசப மன்னனின் அமைச்சன் இசிகிரயன் நாகதீவை (யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய பெயர்) ஆண்டபோது அங்கே ஒரு விகாரை கட்டப்பட்டதாம்.

கடலோர மணல் திட்டிகள் நிறைந்த மணற்காட்டுக்குக் காலை 9 மணிக்கு முதல் போய்விட வேண்டும். பிறகு மணல் காலைச் சுடும். சோளகம் என்ற தென்மேல்காற்று வீசும் மாதங்களில் கண்ணிலும் மணல் அடிக்கும். மணலில் புதைந்த அந்தோனியார் கோயிலின் சுவர்களைப் பார்த்தால் காற்றின் பலம் விளங்கும். 2004 சுனாமி அந்தக் கரையை எப்படி அழித்ததென்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்தத் திட்டிகள் வெறும் மணலல்ல, மழையைக் குடித்து வைத்திருக்கும் தாங்கிகள் என்பார் மாஸ்ரர். மணலை அள்ளினால் அதற்குள் நிற்கும் தண்ணீரும் போய்விடும். அள்ளுகிறவர்களை மறித்துக் கேட்க, அவரிடம் படித்தவர்களில் இன்னும் சிலராவது ஊரில் இருந்திருக்கலாம். நானும் இருந்திருக்கலாம்.