மூன்றாவது சுருள்: ஒளிமானி இல்லாமல் எடுத்த படங்கள்

பெரியப்பாவிடமிருந்து வந்த பென்டாக்ஸ் கே1000 கமெராவில் முதல் இரண்டு பிலிம் சுருள்களிலும் கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்று திருகோணமலைக்கு வருகிற எல்லோரும் எடுக்கும் படங்களையே எடுத்திருந்தேன். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, நான் கண்டது என்று சொல்ல அவற்றில் எதுவுமே இல்லாதது மனத்தை உறுத்தியது.

மூன்றாவது சுருளைப் போட்ட வாரத்தில், ஒளியின் அளவைக் காட்டும் ஒளிமானியின் முள் அசைய மறுத்தது. இந்தக் கமெராவில் ஒளிமானியை நிறுத்தத் தனி ஆளி கிடையாது. லென்ஸை மூடி இருட்டாக்கினால்தான் பற்றரி மிஞ்சும். மூடாமல் மேசைமேல் வைத்திருந்ததால் பற்றரி தீர்ந்துவிட்டது. ஷட்டர் முழுக்க இயந்திர விசையால் இயங்குவதால் படமெடுக்கத் தடையில்லை. ஒளியை மட்டும் நானே மதிப்பிட வேண்டியிருந்தது. லென்ஸின் துவார அளவை எஃப் எண்ணால் சொல்வார்கள்; எண் கூடினால் துவாரம் சிறுக்கும். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, பிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் வேக எண்ணுக்கு நெருங்கிய ஷட்டர் வேகத்தைத் தெரிவுசெய்வது பழைய கணக்கு. என்னிடமிருந்த இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் 400 வேகமுடையதாகையால் 1/500 செக்கன் வைத்தேன். வெண்மணல் கண்ணைக் கூசவைக்கும் கடற்கரைக்கு எஃப் 22, வெயில் படாத நிழலுக்கு எஃப் 4.

இந்தக் கணக்குத்தான் எனக்குப் படங்களைக் காட்டித்தந்தது. பிரெட்ரிக் கோட்டைக்குள் மரத்தடியில் ஒரு புள்ளிமான் படுத்திருந்தது. முன்பென்றால் மானை மட்டுமே பார்த்திருப்பேன். எஃப் 16-க்கும் எஃப் 4-க்கும் நடுவே எதை வைப்பது என்று கணக்கிட்டுக்கொண்டு நின்றதால், இலைகளூடாக விழுந்த வெயில் வட்டங்கள் அதன் முதுகுப் புள்ளிகளோடு கலந்து, எது வெயில் எது தோல் என்று பிரிக்க முடியாமல் கிடந்ததைக் கண்டேன். எஃப் 8 வைத்து, பார்வைத் துளையின் நடுவட்டத்தில் மினுமினுப்பு அடங்கும்வரை குவிய வளையத்தைத் திருப்பினேன். மான் ஒரு காதை அசைத்தது, அழுத்தினேன்.

மறுநாள் விடியலில் உப்புவெளியில் கரைவலை இழுத்தார்கள். சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருந்ததால் வானத்துக்கு ஏற்ற அளவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். 36 படங்களில் பாதிக்குமேல் முடிந்திருந்தபடியால் ஒரு மணிநேரத்தில் நான்கு மட்டுமே எடுத்தேன். கயிற்றின் தலைப்பில் நின்ற ஐயா ஒருவர், "தம்பி, எடுக்கிறதெண்டால் எடன், என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்று கேட்டார். கயிற்றிலிருந்து சொட்டும் நீர் ஒளிரும் கணத்துக்காகக் காத்திருப்பதாகச் சொன்னேன். அவர் தன் கையிலிருந்த கயிற்றையே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பிலிமில் படத்தைத் தெரியவைக்கும் டி-76 கரைசலில் வீட்டிலேயே கழுவினேன். அதற்கு 20 பாகை வெப்பநிலை வேண்டும். எங்கள் குழாய்நீரோ நண்பகலில் கையைச் சுடும். ஐஸ்கட்டி போட்ட பேசினுக்குள் போத்தல்களை வைத்துக் குளிரவிட்டு, ஏழரை நிமிடம் வைத்தேன்.

மானின் படம் நினைத்தபடி வந்திருக்கிறது. கரைவலைப் படங்களில் நீர்த்துளிகள் அழகாக விழுந்திருந்தாலும், ஐயாவின் விரல்கள் இருக்கவேண்டிய இடம் ஒளி போதாமல் நெகட்டிவில் வெறுமையாகத் தெளிந்து கிடக்கிறது. அந்த விரல்கள் எனக்கு வேண்டும். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கத் தொடங்குமுன் உப்புவெளிக்கு மீண்டும் போய், துவாரத்தை ஒரு படி கூடுதலாகத் திறந்து எடுக்கவிருக்கிறேன்.