595.796 எங்க?

ஜூன் 10, செவ்வாய்

ஸ்கூல் லைப்ரரில 590 வரிசை, அதான் மிருகம் பூச்சி புக்குங்க, முழுக்க சரி பண்ணியாச்சு. காலைல இருந்து அதே வேலைதான். ஷெல்ஃப் ரீடிங்னு பேரு, ஆனா எதையும் படிக்க முடியாது, முதுகுல ஒட்டியிருக்கற நம்பரை மட்டும் ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டே நகரணும், நடுவுல ஒரு புக்கைத் திறந்துட்டா அரை மணி நேரம் போச்சு. 599.75 சிங்கம் புலி. 599.8 குரங்கு. புள்ளிக்கு அப்புறம் இருக்கறத எழுபத்தஞ்சுன்னு வாசிச்சா எட்டை விட பெருசாத்தான் தெரியும், அதனால எல்லாரும் குரங்கைக் கொண்டுபோய் சிங்கத்துக்கு முன்னாடி வெச்சுடறாங்க. டீச்சருங்க உட்பட.

தசமமே படிக்காத ரெண்டாங்கிளாஸ் பசங்க இதை வெச்சு எப்படி புக்கைக் கண்டுபிடிப்பாங்கன்னு முன்னாடியே ஒரு தடவை லைப்ரரியன் அக்காகிட்ட கேட்டேன். "கண்டுபிடிக்க மாட்டாங்க, அதுக்குத்தான நீ இருக்க"ன்னாங்க. இந்த நம்பர் முறையைக் கண்டுபிடிச்ச டூயி 1876ல அதை வெளியிட்டப்போ அவர் வேலை பாத்தது ஒரு காலேஜ் லைப்ரரில, அவர் கண்ணு முன்னாடி ஆறு வயசுப் புள்ளை யாரும் நின்னிருக்காது. நானா இருந்தா கலர் ஸ்டிக்கர் ஒட்டிடுவேன், மிருகம்னா பச்சை, வானம்னா நீலம். அக்கா ஒத்துக்க மாட்டாங்க, பின்னாடி பெரிய லைப்ரரிக்குப் போனா முழிப்பாங்கன்னு சொல்வாங்க. அதுவும் சரிதான். ரெண்டையும் ஒட்டினா என்ன?

ஜூன் 11, புதன்

அக்கா ஃபோன் எடுக்கல.

ஜூன் 12, வியாழன்

ஒண்ணாங்கிளாஸ் பீரியட். நாப்பது நிமிஷம்னு டைம்டேபிள்ல போட்டிருக்கு, செருப்பைக் கழட்டி உக்கார வெக்கவே ஏழெட்டு நிமிஷம் போயிடுது. அப்புறம் ரிட்டர்ன், அப்புறம் கதை, அப்புறம் அவங்க தேடறது, கடைசில பதிவு போடற க்யூ. க்யூவுலதான் எல்லா சண்டையும் வரும். அக்கா இருந்தா கதை முடியற நேரத்துலயே நாலு நாலு பேரா எழுப்பி அனுப்பிடுவாங்க, மத்தவங்க உக்காந்தே இருப்பாங்க, சத்தமே வராது. இன்னைக்கு நானும் அப்படியே செஞ்சேன், பாதி வேலை செய்யுது.

கதை வாசிக்கறதுக்கு கை பழகணும். புக்கை நெஞ்சுக்கு நேரா பிடிச்சா நமக்குத் தெரியும், பசங்களுக்குத் தெரியாது. தோள்பட்டைக்குப் பக்கத்துல, படம் அவங்களைப் பாக்கற மாதிரி பிடிச்சுக்கிட்டு நாம கழுத்தைத் திருப்பி ஓரக்கண்ணால வாசிக்கணும், பக்கத்தை கீழ் மூலைல பிடிச்சுத் திருப்பணும், இல்லன்னா கை படத்தை மறைச்சுடும். அதனால முந்தின நாளே வீட்ல ரெண்டு தடவை வாசிச்சுப் பாத்தே ஆகணும். படிக்கும்போது "தெரியல தெரியல"ன்னு கத்தறது பின்வரிசை இல்ல, என் காலுக்குக் கீழ உக்காந்திருக்கறதுங்கதான். அண்ணாந்து பாத்தா அட்டை மட்டும்தான் தெரியும் போல. நாளைல இருந்து எல்லாரையும் ரெண்டடி தள்ளி உக்கார வெக்கணும்.

அப்புறம் அந்த மரஸ்கேல். ஷெல்ஃப்ல இருந்து புக்கை எடுத்தா அந்த இடத்துல ஸ்கேலைச் சொருகணும், வேணாம்னா திரும்ப அங்கேயே வெக்கலாம். நல்ல யோசனைதான், வாளா மாறாத வரைக்கும்.

ஜூன் 16, திங்கள்

3 பி. எல்லாரும் ஆளுக்கொண்ணு எடுத்தாங்க, ஒரு பொண்ணு மட்டும் எடுக்கல. எடுக்கலன்னா பாக்கவே இல்லன்னு அர்த்தம் இல்ல, பீரியட் முழுக்க 590கள்கிட்டயே நின்னா, ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்தா, ஒழுங்கா அதே இடத்துல வெச்சா. பெல் அடிச்சதும் வெறுங்கையோட லைன்ல போய் நின்னுட்டா. "ஒண்ணும் பிடிக்கலயா"ன்னு கேட்டேன். "பிடிச்சிருக்கு மிஸ்"னு சொல்லிட்டுப் போயிட்டா.

அக்கா மெசேஜ் பாத்திருக்காங்க. பதில் இல்ல.

ஜூன் 17, செவ்வாய்

ரிப்பேர் நாள். செல்லோடேப் ஒட்டினவங்க மேல எனக்கு இருக்கற கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. ஒட்டின அன்னைக்கு நல்லாத்தான் இருக்கும், சில வருஷத்துல பழுப்பாகி, டேப் உதிர்ந்து, பசை மட்டும் பேப்பருக்குள்ள இறங்கி நிக்கும், எழுத்தைக் கூட தின்னுடும். கிழிஞ்ச பக்கத்துக்கு மெல்லிசா நார் பேப்பரும் மாவுப் பசையும்தான் சரின்னு அக்கா நோட்ல எழுதி வெச்சிருக்காங்க. அட்டை ஆடிச்சுன்னா ஸ்வெட்டர் பின்ற நீள ஊசில வெள்ளைப் பசையைத் தடவி, முதுகுக்கும் அட்டைக்கும் நடுவுல இருக்கற இடுக்குல விட்டு உருட்டி எடுக்கணும், நடுவுல மெழுகுத்தாள், மேல கனமா எதையாவது வெச்சு ராத்திரி முழுக்க விட்டுடணும். பண்ணிப் பாத்தேன். செம்ம திருப்தியா இருக்கு இந்த வேலை, யாரும் பேச மாட்டாங்க.

மத்தியானம் ஒரு பையன் தண்ணி பாட்டில் ஒழுகின பையோட வந்தான். படப்புக், பளபளா தாள். இந்தத் தாள் ஈரத்தோட மூடின நிலையில காஞ்சா பக்கங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது. வெயில்லயும் போடக் கூடாது, நெளிஞ்சுடும். ஒவ்வொரு பக்கத்துக்கு நடுவுலயும் டிஷ்யூ வெச்சு, நிக்க வெச்சு ஃபேன் காத்து விட்டு, டிஷ்யூவை மாத்தி மாத்தி உக்காந்திருந்தேன். ரெண்டு நாளைக்குள்ள காயலன்னா பூஞ்சை வந்துடும். நேரம் இல்லன்னா கவர்ல போட்டு ஃப்ரீஸர்ல வெச்சுடு, அப்புறமா நிதானமா காய வெச்சுக்கலாம்னு நோட்ல இருக்கு. ஃப்ரீஸருக்கு எங்க போறது அக்கா, அதையும் எழுதியிருக்கலாம்ல.

அந்தப் பையன் அழுதுட்டான். புக்குக்காக இல்ல, அம்மா திட்டுவாங்கன்னு.

ஜூன் 20, வெள்ளி

இன்னைக்கு மனசு சரியில்ல, கொஞ்சம் நீளமா எழுதப் போறேன். ஒரு டீச்சர் வந்து யார் யார் என்ன புக் எடுத்தாங்கன்னு லிஸ்ட் கேட்டாங்க. ஏன்னு கேட்டா, நாலாங்கிளாஸ் பசங்க ஒண்ணாங்கிளாஸ் படப்புக்கா எடுக்கறாங்களாம், லெவலுக்கு ஏத்தாப்ல மட்டும் குடுக்கணுமாம். நான் லிஸ்ட் குடுக்கல. அக்கா வந்ததும் கேட்டுக்கோங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

லெவல்னு ஒண்ணு இருக்குதான். அஞ்சு விரல் கணக்கு நானும் சொல்லிக்குடுக்கறேன், ஒரு பக்கம் வாசி, தெரியாத வார்த்தைக்கு ஒரு விரல் மடக்கு, அஞ்சும் மடங்கிடுச்சுன்னா கஷ்டம்னு. ஆனா டைனோசர் புக்கை ஒருத்தன் பத்து விரலும் மடங்கி கால் விரலையும் சேத்துக்கிட்டுப் படிக்கறான், அவன்கிட்ட போய் இது உன் லெவல் இல்லடான்னு பிடுங்கறதா? படப்புக் எடுக்கற நாலாங்கிளாஸ் பையனுக்கு வீட்ல தம்பி இருக்கலாம். இல்ல அவனுக்கே நாள் முழுக்கப் பாடம் படிச்சு அலுத்துப் போயிருக்கலாம். அதை அவன் யாருக்கும் விளக்கிச் சொல்லணும்னு என்ன அவசியம்.

முன்னாடி கார்டு சிஸ்டம் இருந்தப்போ புக்குக்குள்ள பாக்கெட்ல ஒரு கார்டு இருக்கும், யார் எடுத்தாங்கன்னு வரிசையா பேர் இருக்கும், யார் வேணா பாக்கலாம். இப்ப பார்கோடு, ரிட்டர்ன் ஆனதும் பேரும் புக்கும் பிரிஞ்சுடற மாதிரி செட்டிங் வெச்சிருக்காங்க அக்கா. வேணும்னேதான் அப்படி வெச்சாங்களாம். அப்போ எனக்குப் புரியல.

ஜூன் 24, செவ்வாய்

கழிக்கற வேலை. ப்ளூட்டோ ஒம்பதாவது கிரகம்னு சொல்ற புக்குங்க இன்னும் 523ல உக்காந்திருக்கு, 2006லயே அதைக் குள்ளக்கோள்னு மாத்திட்டாங்க, அப்புறம் பொறந்த புள்ளைங்க காலேஜுக்கே போயாச்சு. சனிக்கு 18 நிலான்னு ஒண்ணு சொல்லுது, இப்ப 270ஐத் தாண்டிப் போயிடுச்சு. தப்பான தகவல், அழுக்கு, பழசானது, சும்மா நெரப்பினது, இங்க யாருக்கும் தேவைப்படாதது, வேற எங்கயும் கிடைக்கறது, இந்த ஆறுல எதுல சேரும்னு பாத்து எடுக்கணும். கை வர மாட்டேங்குது. ஆனா ஷெல்ஃப் நெருக்கமா இருந்தா சின்ன விரலால இழுக்கவே முடியாது, நல்ல புக்கும் சேந்து மறைஞ்சுபோகும், இதை நேர்லயே பாத்துட்டேன், எடுத்துட்டு மிச்சத்தை அட்டை தெரியற மாதிரி திருப்பி வெச்சதும் மூணு புக் உடனே போயிடுச்சு. வருஷக்கணக்கா முதுகைக் காட்டிக்கிட்டு நின்ன புக்குங்க.

நீக்கப்பட்டதுன்னு ரப்பர் ஸ்டாம்ப், ரெஜிஸ்டர்ல செவப்பு மையில ஒரு கோடு, தேதி, காரணம். கையெழுத்து இடம் காலி. அது அக்கா போடணும்.

ஜூன் 25, புதன்

567.9 மறுபடி காலி. டைனோசர் ஒண்ணு கூட மிச்சம் இல்ல.

ஜூலை 1, செவ்வாய்

தெரிஞ்சுபோச்சு. 3 பி பொண்ணு பேர்ல ஒரு புக் நிக்குது, ஒண்ணாங்கிளாஸ்ல எடுத்தது. எறும்பு புக். அது வர்ற வரைக்கும் வேற குடுக்கக் கூடாதுன்னு சிஸ்டம் செவப்பா காட்டுது. ரெண்டு வருஷமா அந்தப் புள்ளை வாரா வாரம் வந்து நின்னு பாத்துட்டுப் போயிருக்கு.

கேட்டேன். "நான் குடுத்துட்டேன் மிஸ்." அவ்ளோதான் சொன்னா, சத்தமா கூட இல்ல.

குடுத்துட்டேன்னு சொன்னா முதல்ல ஷெல்ஃபைப் பாரு, அப்புறம்தான் புள்ளையைப் பாருன்னு அக்கா நோட்ல முதல் பக்கத்துலயே இருக்கு. பாத்தேன். 595.796, எறும்பு. அங்க இல்ல. நம்பர் இடம் மாறியிருக்குமோன்னு 595.769 பாத்தேன், அங்க பொரிவண்டுதான். தேனீ 595.799 வரைக்கும் போனேன். லேபிள்ல மேல் வரி கிழிஞ்சு 796 மட்டும் மிச்சம் இருந்தா விளையாட்டுக்குப் போயிருக்கும், கிரிக்கெட் பக்கத்துலயும் தேடினேன். வரிசைக்குப் பின்னாடி கை விட்டுப் பாத்தேன், ஒட்டடையும் ஒரு பென்சிலும்தான்.

ஜூலை 3, வியாழன்

பழைய கார்டு டப்பாவைத் திறந்தேன். எறும்பு புக் கார்டு இருக்கு! கடைசி மூணு வரியும் அவ பேர்தான், அடுத்தடுத்து. திரும்பத் திரும்ப அதையே எடுத்திருக்கா. புக் வெளிய போனா கார்டு டப்பால நிக்கும், வந்ததும் கார்டை பாக்கெட்ல போட்டுடணும், அதான் பழைய முறை. பார்கோடுக்கு மாறின சமயத்துல டப்பால இருந்த கார்டை எல்லாம் வெளிய இருக்கற புக்குன்னு டைப் பண்ணியிருப்பாங்க. அந்த ரெண்டு மூணு வாரத்துல அவ கொண்டு வந்து குடுத்திருந்தா, வாங்கினவங்க கார்டைத் தேடாம நேரா ஷெல்ஃப்ல வெச்சிருந்தா? முழுக்க என் ஊகம்தான். ஆனா இதை எழுதும்போதே கை பரபரங்குது.

ஃபைன் போடறதால பசங்க புக் கொண்டு வர்றாங்களா இல்ல லைப்ரரிக்கு வர்றதையே விட்டுடறாங்களான்னு ராத்திரி படிச்சுக்கிட்டிருந்தேன். அமெரிக்க லைப்ரரி அசோசியேஷன் 2019லயே பணம் வசூலிக்கற ஃபைன் சமத்துவத்துக்கு எதிரானதுன்னு தீர்மானம் போட்டிருக்கு. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1931ல, நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் லைப்ரரிக்குன்னு அஞ்சு விதி எழுதினப்போ முதல் விதியே புத்தகம் பயன்படுத்தறதுக்குன்னுதான். ஒரு காலத்துல புக்கை ஷெல்ஃபோட சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்த கதையை அவர் அங்கதான் சொல்றார். இப்ப நம்ம சிஸ்டம் புக்கை விட்டுட்டு புள்ளையைக் கட்டி வெச்சிருக்கு.

அக்கா கையெழுத்து இல்லாம அந்த பாக்கியை அழிக்க எனக்கு அனுமதி இல்ல.

ஜூலை 7, திங்கள்

3 பி. தேனீ புக்கை என் பேர்ல பதிவு போட்டு அவ கைல குடுத்தேன். அட்டையைப் பாத்தா. "எறும்பு இல்லையா மிஸ்?"

தேடிக்கிட்டிருக்கேன்னு சொன்னேன். "படம் போட்ட பச்சை அட்டை"ன்னா. "கொஞ்சம் பெருசு. பைக்குள்ள நிக்காது."

இதை யாரும் இத்தனை நாள் அவகிட்ட கேக்கவே இல்ல.

ஜூலை 8, செவ்வாய்

பெரிய சைஸ்! ஷெல்ஃப் உயரத்துக்கு அடங்காத புக்கை எல்லாம் தனியா கீழ் வரிசைல படுக்க வெச்சிருக்கோம், அங்க நம்பர் வரிசையே கிடையாது, யாரும் தேட மாட்டாங்க. லஞ்சுக்குப் போகாம முழுக்க இறக்கிப் பாத்தேன். அட்லஸ், ரயில், கடல், ஒரு நாய் புக் (அது 636.7, அது ஏன் அங்க?). பச்சை அட்டை ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு தவளை. ஒண்ணு காடு.

முதுகு வலி.

ஜூலை 11, வெள்ளி

லிஸ்ட் கேட்ட டீச்சர் திரும்ப வந்தாங்க. லிஸ்ட் கேக்கல. அவங்க கிளாஸ்ல ஒருத்தன் வாசிக்கவே மாட்டேங்கறான், என்ன குடுக்கலாம்னு கேட்டாங்க. 793.8 மேஜிக் புக் ஒண்ணு குடுத்து அனுப்பினேன், செஞ்சு காட்டணும்னா அவன் செய்முறையை வாசிச்சே ஆகணும். என்ன ஆகுதுன்னு பாப்போம்.

தேனீ புக் ரிட்டர்ன் வந்துச்சு. நான் பிரவுன் பேப்பர் போட்டுக் குடுக்கல, அவளே போட்டிருக்கா.

ஜூலை 14, திங்கள்

அக்கா ஃபோன் பண்ணாங்க! குரல் மெலிஞ்சு போயிருக்கு. எப்படி இருக்கீங்கன்னு நான் கேக்கறதுக்குள்ள, கழிச்ச புக்கெல்லாம் எங்க வெச்சிருக்க, நான் பாக்காம எடைக்குப் போடாதன்னாங்க. போடலக்கான்னேன். எறும்பு விஷயம் முழுக்க சொன்னேன், கார்டு, பச்சை அட்டை, பெரிய சைஸ் எல்லாம். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அந்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ்ல பூச்சி பாடத்துக்கு ஒரு கட்டு புக் டீச்சர்கிட்ட போச்சு, ரெஜிஸ்டர்ல ஏத்தாம கைல குடுத்தது, திரும்பி வந்துச்சான்னு ஞாபகம் இல்லன்னாங்க. எந்த டீச்சர்னு கேட்டா அவங்க வேற ஸ்கூலுக்குப் போயிட்டாங்களாம். ஸ்டாஃப் ரூம்ல அவங்க அலமாரி அப்படியேதான் பூட்டி இருக்காம்.

எப்ப வர்றீங்கன்னு கேட்டேன், டாக்டர் வந்துட்டாரு வெக்கறேன்னு வெச்சுட்டாங்க.

அலமாரி சாவி ஆஃபீஸ்ல இருக்கும். நாளைக்கு முதல் பீரியட் ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாவது ஃப்ரீ. அதுல போய் கேக்கணும்.