டிபிஎம் படிக்கலாமா? விண்ணப்பத்துக்கு முன்னும் பின்னும்

டிபிஎம் என்பது பாத மருத்துவமான பொடியாட்ரிக்கு அமெரிக்காவில் தரும் பட்டம். எம்டி (அங்கே மருத்துவராவதற்கான அடிப்படைப் பட்டம்) இடம் கிடைக்காதவர்களுக்கான கொல்லைப்புற வாசல் என்றே, மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் அமெரிக்கப் பிரீமெட் மாணவர்கள் பொடியாட்ரியைப் பேசுகிறார்கள். வாசல் அகலம்தான். எம்டி சேர்கிறவர்களின் எம்கேட் (நுழைவுத் தேர்வு) சராசரி 511ஐ ஒட்டி இருக்கிறது. டிபிஎம் சேர்கிறவர்களுக்கு அது 495 அருகே. ஆனால் சல்லடையை வாசலில் வைக்கவில்லை, உள்ளே வைத்திருக்கிறார்கள்.

படிப்பு 4 ஆண்டு, அதன் பின் மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சி 3 ஆண்டு. ஃபேமிலி மெடிசின் (குடும்ப மருத்துவம்) எடுக்கும் எம்டிக்கும் அதே ஏழு ஆண்டுதான். வேறுபாடு என்னவென்றால், டிபிஎம்மில் சேரும் நாளே துறை முடிவாகிவிடுகிறது. மூன்றாம் ஆண்டில் குழந்தை மருத்துவம் பிடித்துப்போனால் மாறிக்கொள்ள முடியாது. எழுதுவது பாத மருத்துவர்களுக்கான ஏபிஎம்எல்இ உரிமத் தேர்வு. எம்டிக்களின் உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இ எழுத அனுமதி இல்லை. துறை மாற வேண்டுமானால் எம்டியில் சேர்ந்து மறுபடி முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இது ஒத்துவருமா என்று தெரிய ஷேடோயிங் போக வேண்டும், அதாவது ஒரு மருத்துவரின் கூடவே நின்று வேலையைப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்றைக்கு யாருக்குத்தான் பிடிக்காது? சாதாரண கிளினிக் நாளில் காலை முதல் மாலை வரை நில்லுங்கள். நீரிழிவுள்ள முதியவரின் தடித்து மஞ்சளான நகத்தை நிப்பரால் (நகம் வெட்டும் இடுக்கி) வெட்டும்போது தூள் பறக்கும். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மூடச் சொல்லி 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையை வளையும்வரை பாதத்தில் அழுத்துவார்கள்; அவர் பேசாமலே இருப்பார். 15ஆம் எண் பிளேடால் ஆணிக்காய்ப்பைச் சீவினால் அடியில் புண் திறந்திருக்கும். வலி இல்லாததால் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்திப் பிய்கிறது. வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளின் பாதத்தில் இதைக் கவனித்த மருத்துவர் பால் பிராண்ட்தான் பின்னர் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய், நீரிழிவுப் பாதத்துக்கும் அதே கணக்கு என்று காட்டினார்.

வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. வெறும் நகம் வெட்ட, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தராது. நரம்போ ரத்த ஓட்டமோ கெட்டிருப்பதைக் குறிப்பில் எழுதினால்தான், அதுவும் சுமார் 61 நாளுக்கு ஒருமுறைதான் தரும். பாதத்தின் நாடித்துடிப்பை எழுத மறந்தால் பில் திரும்பி வரும். இந்த நாள் சலிக்கவில்லை என்றால் மேலே யோசிக்கலாம்.

கல்லூரிகள் மொத்தம் பதினொன்றுதான். விளம்பரத்தில் பளபளப்பது ரெசிடென்சி கிடைத்த விகிதம். அது பட்டம் பெற்றவர்களை வைத்துப் போட்ட கணக்கு, சேர்ந்தவர்களை வைத்து அல்ல. ஒரு பேச்சுக்கு 100 பேர் சேர்ந்து, 75 பேர் நான்கு ஆண்டில் முடித்து, 74 பேருக்கு இடம் கிடைத்தால் கல்லூரி 99 சதவீதம் என்று போடும். உங்களுக்கு வேண்டிய எண் 74. ஆகவே நான்கு ஆண்டில் முடிப்பவர் விகிதத்தையும், ஏபிஎம்எல்இ முதல் பகுதியில் முதல் முயற்சித் தேர்ச்சியையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் வரும் அந்தத் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். டெ மாய்ன், மிட்வெஸ்டர்ன் போன்ற இடங்களில் அடிப்படை அறிவியலை டிஓ (எம்டிக்கு இணையான ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) மாணவர்களோடு ஒரே வகுப்பில் படிக்க வேண்டும். எம்கேட்டில் தடுமாறியவர் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பணக் கணக்கு மாறிவிட்டது. 2026 ஜூலை முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கல்விக் கடன் கிடையாது. மற்ற மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலரோடு நின்றுவிடும். வாடகை, சாப்பாடு சேர்த்தால் பல கல்லூரிகளில் இது போதாது. ஸ்காலர்ஷிப் தாராளமாகத்தான் தருவார்கள். ஆனால் அதைத் தக்கவைக்க எவ்வளவு ஜிபிஏ வேண்டும் என்பதைக் கடிதத்தில் தேடிப் படியுங்கள். முதல் செமஸ்டர் அனாட்டமியிலேயே அதை இழப்பவர்கள் உண்டு.

டிபிஎம் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஏஏசிபிஎம்ஏஎஸ் ஆகஸ்டில் திறக்கும். விண்ணப்பங்கள் வர வர இடம் கொடுத்துக்கொண்டே போவதால் முதல் சில வாரங்களில் அனுப்புங்கள். டிபிஎம் மருத்துவர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் போகாதீர்கள். எம்டிக்கும் சேர்த்துப் போடுவதில் தவறில்லை. ஆனால் அதே கட்டுரையை ஒட்டி அனுப்பினால் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

நான்காம் ஆண்டில் மாதத்துக்கு ஓர் ஊர் என எக்ஸ்டர்ன்ஷிப் (வெளி மருத்துவமனைப் பயிற்சி) அலைச்சல். தங்கும் செலவு பெரும்பாலும் உங்களுடையது. ஜனவரியில் ரெசிடென்சி நேர்முகம். பெருவிரல் புடைப்பின் எக்ஸ்ரே ஒன்றை நீட்டி, முதல் இரண்டு மெட்டாடார்சல்களுக்கு (விரல்களுக்குப் பின்னுள்ள நீள் எலும்புகள்) இடைக்கோணம் என்ன என்பார்கள். இயல்பு சுமார் 9 டிகிரிக்குள். 16 என்று அளந்து சொன்னால், எலும்பைத் தலைப்பக்கம் வெட்டுவாயா, அடிமூட்டை இணைப்பாயா, ஏன் என்று அடுத்த கேள்வி வரும்.

எங்கே வாழப்போகிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். உரிமத்தின் எல்லை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. நியூயார்க்கில் கணுக்காலைத் தொட வழி பிறந்ததே 2014இல்தான், அதுவும் தனி அனுமதியோடு. இந்தியா திரும்பும் எண்ணம் இருந்தால் இப்போதே எம்டி பக்கம் பாருங்கள். டிபிஎம் பட்டத்தை வைத்து அங்கே மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது.