ரெண்டாவது தடவைல கிடைச்சது: மாண்டலின் ஆடிஷன் அனுபவம் (சாப், அதாவது தாளத்துக்கு 'சக்'குனு வெட்டி அடிக்கிறத பத்திதான் அதிகம் இருக்கும், மன்னிக்கவும்)

போன வாரம் மெயில் வந்துச்சு. சீட் கிடைச்சாச்சு, பாதி ஸ்காலர்ஷிப்போட. போன வருஷம் இதே மார்ச்ல இதே இடத்துலேர்ந்து 'இல்லை'ன்னு வந்த மெயில இன்னும் அழிக்கல, ரெண்டையும் மாத்தி மாத்தி திறந்து பாத்துட்டு ராத்திரி ஒரு மணி வரைக்கும் தூங்கல. எந்த காலேஜ்னு சொல்லப் போறதில்ல. ப்ளூகிராஸுக்கு (பேன்ஜோ, ஃபிடில், மாண்டலின் எல்லாம் வச்சு வாசிக்கிற அமெரிக்க நாட்டுப்புற இசை) ஆடிஷன் வைக்கிற இடம் எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே கதைதான், ரெடி பண்ணின டியூன், காதுல கேட்டு திருப்பி வாசிக்கிறது, ஒருத்தர் பாட கூட வாசிக்கிறது, இன்டர்வியூ, அதனால நேரா நான் விழுந்த இடத்துக்கு வர்றேன்.

மதுரைல எட்டு வயசுலேர்ந்து நாலு வருஷம் கர்நாடக மாண்டலின் கத்துக்கிட்டவன் நான். எங்க வீட்ல மாண்டலின்னா யு. ஸ்ரீநிவாஸ், அவ்ளோதான், வேற பேரே கிடையாது. அப்பாவுக்கு டென்னசில வேலை கிடைச்சு நாக்ஸ்வில் வந்தோம். இங்க கையில எடுத்த மாண்டலின்ல நாலு ஜோடி, மொத்தம் எட்டு கம்பி. ஸ்ரீநிவாஸ் வாசிச்சது எலக்ட்ரிக், ஒத்தைக் கம்பி, அதுல கமகம் அப்படியே வழுக்கிட்டுப் போகும். இதுல ஜோடிக் கம்பிய இழுத்தா விரல்தான் கிழியுது. கமகம் போச்சு, சரி ஸ்பீடாவது காட்டுவோம்னு பிக்க வச்சு வேகமா வாசிக்க ஆரம்பிச்சேன். அங்கதான் வினையே ஆரம்பம்.

மொத தடவை ஆடிஷன். ரெடி பண்ணிட்டுப் போன ஃபிடில் டியூன் பிரமாதமா போச்சு. காதுல கேட்டு திருப்பி வாசிக்கிறது எனக்கு சாதாரணம், சின்ன வயசுலேர்ந்து குரு பாட பாட வாசிச்சுதான் பழக்கம். அப்புறம் எதிர்ல இருந்தவர் கிட்டார எடுத்து, பி கீல ஒரு பாட்டு பாடறேன் கூட வாசின்னார். நமக்குத்தான் தாளம் ரத்தத்துலயே இருக்கேன்னு நெனச்சேன் பாருங்க, அந்த நெனப்புக்குத்தான் செருப்படி. ரெண்டாவது சரணம் வர்றதுக்குள்ள அவர விட்டுட்டு நான் முன்னாடி ஓடிட்டேன், பதட்டத்துல அவர் பாடற வரிக்கு நடுவுல எல்லாம் சின்ன சின்னதா சங்கதி போட்டு நிரப்பிட்டு இருந்தேன், என் சோலோ வந்தப்போ பாட்டோட மெட்டே இல்லாம கல்பனாஸ்வரம் மாதிரி எங்கேயோ போய் வந்தேன். அவர் சிரிச்சுட்டு தேங்க்ஸ்னார். அந்த சிரிப்பு எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கணும்.

விஷயம் இதுதான். பழைய ஸ்டைல் ப்ளூகிராஸ்ல டிரம்ஸ் கிடையாது. 1-2-3-4ன்னு எண்ணினா பேஸ் 1லயும் 3லயும் விழும், மாண்டலின் 2லயும் 4லயும் 'சக்'குனு வெட்டும், அதுதான் சாப். டிரம்ஸ்ல ஸ்னேர் செய்யற வேலைய நாம செய்யறோம். மூணு நிமிஷப் பாட்டுல நம்ம சோலோ அதிகபட்சம் இருபது செகண்ட், மீதி நேரம் பூரா சாப்தான். நான் என்னடான்னா அந்த இருபது செகண்டுக்காக நாலு வருஷம் சாதகம் பண்ணிட்டு மீதிய கண்டுக்கவே இல்ல. கர்நாடகம் தெரிஞ்சவங்களுக்கு ஒன்னு சொல்றேன்: அரை இடம் தள்ளி எடுக்கிற கீர்த்தனைல எடுப்புல மட்டும்தான் அந்த கவனம், அப்புறம் பாட்டு பாத்துக்கும். இங்க பாட்டு முழுக்க தள்ளி தள்ளியே நிக்கணும், சமத்துல கை விழவே கூடாது. கேக்க ஈஸி.

ரிஜெக்ட் ஆனப்புறம் ரெண்டு மாசம் மாண்டலின தொடல. அம்மா வேற. "டேய், ஸ்ரீநிவாஸ் மாதிரி கச்சேரி பண்ணுவேன்னு பாத்தா இங்க வந்து கவ்பாய் பாட்டுக்கு டக்கு டக்குன்னு தட்டிட்டு இருக்க, அதுக்கும் சீட் தரலங்கிற." பதில் சொல்ல ஒன்னுமில்ல. ஒரு சூப்பர் மார்க்கெட்ல வேலைக்குப் போய்ட்டு, வியாழக்கிழமை மட்டும் ஒரு பிட்ஸா கடைல நடக்கிற ஜாமுக்கு (எல்லாரும் சும்மா கூடி வாசிக்கிறது) போக ஆரம்பிச்சேன். எல்லாம் ரிட்டயர் ஆன ஆளுங்க. அதுல பேன்ஜோ வாசிக்கிற தாத்தா ஒருத்தர் மூணாவது வாரமே கண்டுபிடிச்சுட்டார். கோடை முடியற வரைக்கும் உனக்கு சோலோ கிடையாது, என் பக்கத்துல உக்காந்து சாப் மட்டும் போடுன்னுட்டார். கோவமா வந்துச்சு. ஆனா சீட் வாங்கிக் குடுத்தது அந்த கோடைதான்.

நான் செஞ்சது:

- மெட்ரோனோம் 2லயும் 4லயும் மட்டும் கேக்கற மாதிரி வச்சுக்கிட்டேன். ஒன்னு நம்ம மனசுல. பழகினதும் 4ல மட்டும். கடைசில ரெண்டு பாருக்கு (ஒரு பார்னா நாலு எண்ணிக்கை) ஒரு தடவை. தினம் 40 நிமிஷம், சோலோக்கு முன்னாடி.
- ஜி கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) சாப் ஷேப், தடிக் கம்பிலேர்ந்து ஃப்ரெட் நம்பர் 7-5-2-3. சுண்டு விரல் வலிக்கும், ஒரு மாசம் ஆகும். திறந்த கம்பி இல்லாததால அப்படியே நாலு ஃப்ரெட் மேல தள்ளினா பி.
- அடிச்ச உடனே இடது கை அழுத்தத்த விடணும், விரல கம்பிலேர்ந்து எடுக்கக் கூடாது. சத்தம் அங்கேயே சாகணும்.
- ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க. நான் ஓடறேன்னு நானே நம்பல, ரெக்கார்டிங் கேட்டுதான் நம்பினேன்.
- பாடறவர் பாடும்போது சாப் சத்தத்த பாதியா குறைங்க. நிரப்பற வேலைய ஃபிடில் எடுத்துக்கிட்டா நீங்க கைய கட்டிக்கிட்டு சாப் போடுங்க.
- சோலோல மொதல்ல மெட்டு. மெட்டு தெரியலன்னா வித்தை காட்டாதீங்க.
- கார்டு பேர் சொல்ல மாட்டாங்க, ஒன்னு நாலு அஞ்சுன்னுதான் சொல்லுவாங்க. நமக்கு ச, ம, ப மேல நிக்கிற கார்டுன்னு வச்சுக்கிட்டா டக்குனு பிடிபடும்.
- யாராவது கால தூக்கினா பாட்டு முடியப் போகுதுன்னு அர்த்தம். இது தெரியாம ஜாம்ல ஒரு தடவை நான் மட்டும் தனியா வாசிச்சுட்டு இருந்தேன்.

வாத்தியம் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. ப்ளூகிராஸுக்கே அப்பான்னு சொல்ற பில் மன்றோ வச்சிருந்தது 1923ல செஞ்ச கிப்சன் எஃப்-5, கிப்சன் கம்பெனில வாத்தியம் வடிவமைச்ச லாயிட் லோர் கையெழுத்து போட்டது, மயாமில முடி வெட்டற ஒரு சலூன்ல 150 டாலருக்கு வாங்கினார்ங்கற கதைய கேட்டுட்டு எல்லாருக்கும் அந்த சுருள் வச்ச எஃப் ஸ்டைல்தான் வேணும். வேணாம். அதே காசுக்கு சுருள் இல்லாத ஏ ஸ்டைல்ல நல்ல மரமா கிடைக்கும், சுருளுக்குன்னு தனியா சத்தம் வராது. ரெண்டு ஆடிஷனுக்கும் நான் ஏ ஸ்டைல்தான் எடுத்துட்டுப் போனேன்.

இன்டர்வியூக்கு நான் டிப்ஸ் சொல்ற ஆள் இல்ல, எனக்குப் பேச்சே வராது. ரெண்டாவது தடவை ஏன் திரும்ப வந்தேன்னு கேட்டாங்க, சாப் கத்துக்கிட்டு வந்தேன்னு மட்டும் சொன்னேன். அதே ஆள், அதே கிட்டார், மறுபடி பி கீ. இந்த தடவை சோலோக்கு தலையாட்டினப்போ மெட்ட அப்படியே ஒரு சுத்து வாசிச்சுட்டு சாப்புக்கு வந்துட்டேன். வெளில வந்தப்போ கை நடுங்குச்சு, உள்ள நடுங்கல.

காலேஜ் இதுக்குத் தேவையான்னு வீட்ல பெரிய சண்டை. மாண்டலின் கலைஞர் கிறிஸ் தீலி 1993ல, 12 வயசுல, கன்சாஸ்ல வின்ஃபீல்ட் போட்டில மாண்டலின் ஜெயிச்சவர். அவர மாதிரி இருந்தா வேற பேச்சு. சியரா ஹல் பாஸ்டன்ல இருக்கிற பெர்க்லீ இசைக் கல்லூரில ஸ்காலர்ஷிப்ல படிச்சவங்க, 2016ல ஐபிஎம்ஏவோட (சர்வதேச ப்ளூகிராஸ் சங்கம்) சிறந்த மாண்டலின் கலைஞர் விருது வாங்கின மொத பொண்ணு. அவங்க வீடியோவ போட்டுக் காட்டினப்புறம்தான் அம்மா கொஞ்சம் இறங்கி வந்தாங்க. ஈஸ்ட் டென்னசி ஸ்டேட் யுனிவர்சிட்டில 1982லேர்ந்தே ப்ளூகிராஸ் சொல்லிக் குடுக்கறாங்க, அதயும் பாருங்க. காச பத்தி கனவு வேணாம்: போன வருஷம் நான் வாசிச்ச ஒரு கல்யாணத்துல அஞ்சு பேர் பிரிச்சதுல தலைக்கு 80 டாலர், போக வர பெட்ரோல் நம்மளுது. சனிக்கிழமை ரெண்டு பசங்களுக்கு கிளாஸ் எடுக்கறதுதான் கம்பி மாத்தற செலவுக்கு ஆகுது.

ஆகஸ்ட்ல கிளம்பணும். அதுக்குள்ள ஃப்ரெட் தேஞ்சு போனத மாத்தணும், சூப்பர் மார்க்கெட்ல சொல்லிட்டு நிக்கணும். தாத்தாகிட்ட ரிசல்ட் சொன்னேன், சரி இனிமே வியாழக்கிழமை சோலோ எடுத்துக்கோன்னார். ஒன்னே ஒன்னுதானாம்.