அப்பா இறந்த பிறகும் நடந்த அப்பீல்

அப்பா பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர். 2007இல் ஒரு வாய்க்கால் கரை வேலையில், போடாத மண்ணுக்கு பில் எழுதினார் என்பது வழக்கு. 2014இல் சிறப்பு நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. மூன்று ஆண்டுக்கு மேற்படாத தண்டனை என்பதால் அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது. 60 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அப்பீல் போட்டோம். சிறைத்தண்டனையைத்தான் நிறுத்திவைத்தார்கள், குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருந்தது. அப்பாவை அரித்தது அதுதான்.

2019இல் அப்பா தவறிவிட்டார். வழக்கும் அவரோடு முடிந்தது என்றே நினைத்திருந்தோம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த வக்கீல் குமாஸ்தாதான் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "இன்னும் பதினான்கு நாள் இருக்கிறதம்மா" என்றார். சிறைத்தண்டனையை எதிர்த்து அப்பீல் செய்தவர் இறந்தால், மனைவியோ பிள்ளைகளோ பெற்றோரோ உடன்பிறந்தவரோ 30 நாளுக்குள் அனுமதி கேட்டு அதைத் தொடரலாம். அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 394ஆம் பிரிவு; 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 435. இறப்புச் சான்றிதழுக்கு அலைந்து, இருபத்தேழாம் நாள் அம்மா பெயரில் மனு போட்டோம். அனுமதி கிடைத்தது.

அப்பீலில் பொதுவாகச் சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். இருக்கிற காகிதம்தான் பேச வேண்டும். அதனால் டைப் செட்டை, அதாவது கீழ்க் கோர்ட்டு ஆவணங்களைத் தட்டச்சு செய்து அப்பீலுக்காகத் தொகுத்த கட்டை, வரி வரியாகப் படித்தோம். வேலையின் அளவுகளை அப்பா கைப்பட எழுதிய எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) ஒரு பக்கம், கரை உயர்த்திய அளவு 0.10 மீட்டர் என்று தட்டச்சாகியிருந்தது. அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸை அம்மா பார்த்த உடனே, "இது அப்பாவோட ஏழு" என்றார். மங்கிய ஜெராக்ஸில் ஏழின் தலைக்கோடு விழவே இல்லை. சான்றிட்ட நகல் வாங்கிப் பார்த்தோம்: 0.70.

இன்னொன்றும் கிடைத்தது. ஆய்வுக் குழு கரையை அளந்தது வேலை முடிந்து பதினான்கு மாதம் கழித்து. நடுவில் ஒரு மழைக்காலம் போயிருந்தது. கரை கரைந்திருக்கலாம் என்று குறுக்கு விசாரணையில் அரசுத் தரப்புச் சாட்சியே ஒப்புக்கொண்டிருந்தார். ஐந்தே வரி. கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வக்கீல் இந்த இரண்டு பக்கங்களை வைத்துத்தான் வாதாடினார்.

2022இல் விடுதலை. அபராதத்தைத் திரும்பப் பெறத் தனியாக மனு போட வேண்டியிருந்தது. அப்பா பணம் கட்டிய அதே கட்டடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினார்.