கப்பல் வராத புத்தாண்டு: காம்ப்பெல் பே நாட்குறிப்பு

டிசம்பர் 26, 2023, செவ்வாய்

காலை 6.29-க்கு, கிரேட் நிக்கோபார் தீவில் இருக்கும் எங்கள் காம்ப்பெல் பே ஊருக்குள் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். 2004-ல் சுனாமி வந்த அன்று சுமத்ரா பக்கம் கடலடி நிலம் அசைந்த நேரம் அது. அந்த ஒரு காலையில் கிரேட் நிக்கோபாரின் தென்கோடி நாலு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. கரையில் நின்ற இந்திரா முனை கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் இப்போது கடலுக்குள் இருக்கிறது.

26-ம் தேதி மதியம் வரை எங்கள் கடற்படைத் தள மெஸ்ஸில் யாரும் புத்தாண்டுப் பேச்சை எடுப்பதில்லை. மதியத்துக்கு மேல்தான் பட்டியல் போட உட்கார்ந்தோம். சமையல் பொறுப்பில் இருக்கும் கொல்லத்துக்காரர், "கப்பல் வந்தால் பிரியாணி, வராவிட்டால் பார்ப்போம்" என்று எழுதிக்கொண்டார்.

டிசம்பர் 27, புதன்

திருவாதிரை. அம்மா வீடியோவில் களியைக் காட்டி, "ஒரு வாய் சாப்பிடுறியாலே?" என்று வெறுப்பேற்றினாள். சென்னையிலிருந்து கடலடியில் கேபிள் இழுத்து 2020-ல் இங்கே இணைத்தார்கள். அதற்கு முன் இருந்தவர்கள் செயற்கைக்கோள் லைனில் பட்ட பாட்டைக் கேட்டால் நாங்கள் குறை சொல்லக் கூடாது. மழை நாளில் மட்டும் முகம் உறைந்து நிற்கிறது.

டிசம்பர் 29, வெள்ளி

கடல் சரியில்லை, கப்பல் தள்ளிப் போய்விட்டது. போர்ட் பிளேரிலிருந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா என்று நின்று நின்று வருகிற கப்பல்தான் எங்களுக்குக் காய்கறிச் சந்தை. டார்னியர் விமானம் வரும்தான். அதில் மருந்து வரும், தபால் வரும், ஆட்கள் வருவார்கள். முட்டையும் வெங்காயமும் கப்பலில்தான்.

கைவசம் இருப்பது: உருளைக்கிழங்கு, பூசணி, பருப்பு, டின் பால், வேண்டிய அளவு தேங்காய். மீனுக்குப் பஞ்சமில்லை. கொல்லத்துக்காரர் முட்டை இல்லாமல் கேக் போடப் போகிறாராம். எனக்கு நம்பிக்கை இல்லை.

டிசம்பர் 30, சனி

மெஸ் கூடத்துக்கு வெளியே சீரியல் செட் கட்டினேன். ஐ.என்.எஸ். பாஜ் 2012-ல் தொடங்கிய கடற்படை விமானத் தளம். அதில் நான் ஜெனரேட்டர் பார்க்கும் சிவிலியன் எலக்ட்ரீஷியன். அதனால் அலங்கார விளக்கு என்றால் என் தலையில்தான்.

கட்டி முடித்து டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், வேலிமேல் ஒரு நீள்வால் குரங்கு, பழம் என்று நினைத்ததோ என்னவோ, சிவப்புப் பல்பைக் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. வலது கையில் வயர். பக்கத்தில் குட்டி, அடுத்த பல்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தது. நல்லவேளை, சுவிட்சை இன்னும் போடவில்லை. விரட்டினேன். தாய் போகும்போது பல்பைத் துப்பிவிட்டு, வயரை மட்டும் கொஞ்ச தூரம் இழுத்துப் போய்ப் போட்டது. இன்சுலேஷன் டேப் ஒரு சுருள் அதற்கே தீர்ந்தது.

டிசம்பர் 31, ஞாயிறு

இரவு ஷிஃப்ட் எனக்கு. கூடத்தில் பாட்டு, இங்கே டீசல் ஜெனரேட்டர் இரைச்சல்.

10.30-க்கு மீட்டர் ரீடிங் எழுதும்போது ஞாபகம் வந்தது, இந்தோனேசியாவின் ஆச்சேயில் இப்போது ஜனவரி 1. அவர்கள் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி. இந்திரா முனையிலிருந்து அவர்களுடைய முதல் தீவு சுமார் 160 கிலோமீட்டர்தான். சென்னையோ 1,600-க்கும் மேல். ஆனாலும் நமக்குச் சென்னை நேரம்தான். அந்தப் பக்கம் வாணவேடிக்கை ஏதும் இருக்காது. பண்டா ஆச்சேயில் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கே தடை போடுவார்கள்.

பன்னிரண்டு அடிக்கும்போது கூடத்தின் விளக்கை அணைத்துப் போடுவது எங்கள் வேலை. ஓடுதளம், மற்ற முக்கியமான லைன் எதிலும் கை வைக்கக் கூடாது. கூடத்துக்கு மின்சாரம் போகும் ஃபீடர் லைன் மட்டும். ஃபோன் நேரம் பார்த்து 11.59.50-க்கு அணைத்தேன், சரியாகப் பன்னிரண்டுக்குப் போட்டேன். உள்ளே மாஸ்டர் சாப் (மூத்த கடற்படைக்காரர்) தன் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் அப்போதுதான் "பதினேழு" என்றாராம்! இருட்டில் குழம்பி, வெளிச்சத்தில் கத்தி, மறுபடி ஒருமுறை எண்ணிக் கத்தியிருக்கிறார்கள். ஃபோனில், "யார் புத்தாண்டு சரி?" என்று கேட்டார். "அரசாங்கப் புத்தாண்டு என்னுடையது சாப்" என்றேன்.

கேக் ஒரு துண்டு அனுப்பினார்கள். தேங்காய்ப்பாலும் டின் பாலும் சேர்த்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது.

ஜனவரி 1, 2024, திங்கள்

ஷிஃப்ட் முடிந்து அப்படியே கரைக்குப் போனேன். 5.25 போல மேகத்துக்குக் கீழே சூரியன் எட்டிப் பார்த்தது. ஊரில் அம்மா சூரியனைப் பார்க்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாட்டின் முதல் சூரிய உதயம் என்றால் எல்லோரும் அருணாசலத்தின் டோங் கிராமத்தைத்தான் சொல்கிறார்கள். வருடம் முழுக்க அது சரியில்லை. இந்தப் பனிக்காலத்தில் வடக்கே இரவு நீளம். எங்களுக்கு அவர்களைவிடச் சுமார் அரை மணி நேரம் முன்பே விடிந்துவிடுகிறது. 2000 பிறந்தபோது இதே நிக்கோபார் தீவுக் கூட்டத்தில் கச்சால் தீவுக்கு முதல் விடியல் என்று பெயர் வந்தது, அதோடு மறந்துவிட்டார்கள்.

காலையில் நிக்கோபாரி நண்பர் வீட்டில் சர்ச் முடிந்து பன்றிக்கறி விருந்து. மதியம் சர்தார்ஜி வீட்டில் ரொட்டி, கடுகுக் கீரை. 1969-லிருந்து இங்கே குடியேற்றப்பட்ட முன்னாள் ராணுவக் குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. பெரியவர் பஞ்சாபைப் பற்றிப் பேசவே இல்லை, பாக்குத் தோட்டத்தைப் பற்றித்தான் பேசினார். அப்புறம் வந்து தூங்கியவன்தான்.

ஜனவரி 3, புதன்

கப்பல் வந்துவிட்டது! ஜெட்டியில் பாதி ஊர். வெங்காய மூட்டையில் கால்வாசி அழுகல், முட்டை பத்திரம். சனிக்கிழமை இன்னொரு பரா கானா (பெரிய விருந்து), இந்த முறை பிரியாணியோடு.

அம்மா டிசம்பர் நடுவில் அனுப்பிய தினசரி காலண்டரும் இதில்தான் வந்தது. இரண்டு தாளைக் கிழித்துவிட்டு மாட்டினேன். இன்று என் ராசிக்கு 'பயணம்' என்று போட்டிருக்கிறது. லீவு சாங்க்‌ஷன் ஆகவில்லை. இன்றும் இரவு ஷிஃப்ட்தான்.