மேரி வேடை ஆவணங்களில் தேடியபோது

இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தீவாந்திரம் அனுப்பப்பட்ட ஒருவரைப் பற்றித் தேடப் போகிறீர்களா, முதலில் வழக்கைப் பிடியுங்கள், கப்பலை அப்புறம் பார்க்கலாம். மேரி வேட், 1789இல் லண்டனில் தூக்குத் தண்டனை பெற்று, பிறகு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட சிறுமி. அவளை நான் அப்படித்தான் தேடினேன். லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையிலான வழக்குகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெயரும் வருடமும் போட்டால் 1789 ஜனவரி 14 விசாரணை வந்துவிடும்.

அதை வரிவரியாகப் படியுங்கள். மேரியோடு குற்றவாளிக் கூண்டில் நின்றவள் ஜேன் வைட்டிங், வயது 14. பறிகொடுத்தவள் மேரி பிலிப்ஸ், எட்டே வயது. தண்ணீர் பிடிக்கப் போன அந்தக் குழந்தையைக் கழிவறைக்குள் கூட்டிப்போய் உடுப்பைக் கழற்றியிருக்கிறார்கள். ஒரு பருத்திக் கவுன், ஒரு லினன் தோள்துண்டு, ஒரு லினன் தொப்பி, அவ்வளவுதான் போன பொருள். கவுன் அடகுக் கடைக்குப் போய்விட்டது, தோள்துண்டு மேரி வேடின் அறையில் அகப்பட்டது. வழிப்பறி வழக்கு என்பதால் தூக்குத் தண்டனை. பசிக்குத் திருடிய அப்பாவிச் சிறுமி என்றே பலரும் எழுதுகிறார்கள். தெருவைக் கூட்டிப் பிச்சையெடுத்துப் பிழைத்தவள் என்பது உண்மைதான், தண்டனை கொடூரம் என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் உடுப்பில்லாமல் நின்ற அந்த எட்டு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வயது விஷயத்தில் கொஞ்சம் உஷாராக இருங்கள். பல இடங்களில் அவளுக்கு 11 வயது என்று இருக்கும். 1775 டிசம்பர் 17 பிறந்த தேதி என்றால் விசாரணையின்போது 13 ஆகியிருக்கும்.

தூக்கிலிருந்து தப்பியதற்குக் காரணம் மன்னரின் உடல்நிலை. மூன்றாம் ஜார்ஜுக்குச் சித்தம் தெளிந்துவிட்டது என்று 1789 மார்ச்சில் அறிவித்தார்கள், அந்தக் கொண்டாட்டத்தில் தூக்குக்குக் காத்திருந்த பெண்களின் தண்டனை நாடு கடத்தலாக மாறியது. பெண் கைதிகளை மட்டும் ஏற்றிய லேடி ஜூலியானா கப்பல் 1790 ஜூன் 3 அன்று சிட்னியை அடைந்தபோது அங்கே சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. ஆகஸ்டில் அவளைப் பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் பொறுமை வேண்டும். பிற்காலக் கைதிப் பட்டியல்களில் உயரம், நிறம், தொழில், பச்சை குத்தியது வரை எழுதியிருப்பார்கள். ஆரம்ப காலக் கப்பல்களுக்கு அப்படி எதுவும் கிடையாது, பெயர், எங்கே எப்போது விசாரணை, எத்தனை வருடம், இத்தோடு முடிந்துவிடும். ஒரே பெயரில் நாலைந்து பேர் வந்து குழப்பும்போது கைகொடுப்பது கப்பல் பெயர்தான். நம் பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியல் மாதிரி, வந்திறங்கிய கப்பலும் வருடமும் அந்த மனிதர்களோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டே வரும். அங்கே எடுத்த 1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அதற்குத் தனிக் கட்டம் உண்டு, எத்தனை ஏக்கர் நிலம் என்றும் கேட்டிருக்கிறார்கள்.

நார்ஃபோக் தீவுக்கும் அந்தக் கணக்கெடுப்புக்கும் நடுவில் சிட்னி பக்கம் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரை, ஜோனதன் புரூக்கருடன் குடும்பம், 1817இல் திருமணம், 1823 காட்டுத்தீயில் இருந்ததெல்லாம் போனது. 1828இல் பார்த்தால் சிட்னிக்குத் தெற்கே இல்லவாரா பகுதியில் அவர்களுக்கு 62 ஏக்கர் நிலம் இருக்கிறது! ஐந்தே வருடத்தில் எழுந்து நின்றிருக்கிறார்கள்.

அவள் பெற்றது 21 பிள்ளைகள், அவர்களில் ஏழு பேர்தான் வளர்ந்து தங்களுக்கும் பிள்ளை பெற்றவர்கள். 1859இல் அதே பகுதியிலுள்ள ஃபேரி மெடோவில் இறந்தபோது உயிரோடு இருந்த வாரிசுகள் 300க்கும் மேல். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த கெவின் ரட்டும் இந்த வம்சம்தான். ஆகவே இணையத்தில் மேரியைப் பற்றிக் குடும்பத்தார் எழுதியது நிறையவே கிடைக்கும், பாசத்தோடு எழுதியவை, நானும் விரும்பிப் படித்தேன். ஆனால் விசாரணைப் பதிவை முழுதாகப் படித்து முடித்த பிறகே அவற்றைத் திறவுங்கள்.